பொது அலமாரி

எங்கள் வீட்டில் பெண்களுக்கு ஒரே ஒரு துணி அலமாரிதான். இடம் இல்லாமல் இல்லை. அது நான் வைத்த சட்டம். எனக்கும் என் நாத்தனாருக்கும் ஒரே உயரம், ஒரே அளவு. அப்புறம் எதற்கு ஆளுக்கொரு அலமாரி, ஆளுக்கு ஒரு மூட்டைத் துணி என்று நான்தான் ஆரம்பித்து வைத்தேன். அலுவலகத்தில், பஸ்ஸில், மாடிப்படியில், பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைப் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

நாத்தனார் என் கணவரின் ஒரே தங்கை. வீட்டில் அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதில் வந்த பெயர்; வளர்ந்து என் தோளுக்குத் தோள் நின்ற பிறகும் போகவில்லை. ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. அங்கே முழங்கால் வரை தொங்குகிற ரோஸ் நிற மேலங்கி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அதன் பாக்கெட்டில் பல் ஒன்று கண்ணடித்துச் சிரிக்கிற படம். "உனக்குத்தான் யூனிஃபார்ம் இருக்கே, உள்ள என்ன போட்டா என்னடி?" என்பேன். அவளும் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

முன்பெல்லாம் எங்கள் இரண்டு அலமாரிகளும் பிதுங்கி வழியும். கதவைத் திறந்தால் துணி தலையில் விழும். அப்படியும் காலையில் "போட்டுக்க ஒண்ணுமே இல்ல" என்று இரண்டு பேரும் ஒப்பாரி வைப்போம். ஒருநாள் எனக்கு வெறுத்துப் போய்விட்டது. நாலு தடவை துவைத்தால் நைந்துபோகிற சட்டை பத்து வாங்குவதைவிட, வருஷக்கணக்கில் உழைக்கிற சட்டை ஒன்று வாங்கினால் என்ன? எதோடு எதைப் போட்டாலும் பொருந்த வேண்டும், அவ்வளவுதானே? இரண்டு பேர் சம்பளத்திலும் எடுத்து, கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினோம். ஒரு கறுப்புப் பேன்ட், ஒரு சாம்பல் பேன்ட், வெள்ளைச் சட்டைகள், வெளிர்நீலத்தில் ஒன்று, பழுப்பு நிறக் கம்பளி ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே போட ஒரு கருநீலக் கோட்டு. அந்தக் கோட்டைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவேன். அதைப் போட்டுக்கொண்டு போனால் பஸ் கண்டக்டர்கூட மரியாதையாகச் சில்லறை கேட்பார்.

பழைய துணிகளைக் கழித்துக் கட்டினோம். என்னுடையது பாதிக்கு மேல் போனது. பொடிசுடையது மொத்தமும் போனது. கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், உள்ளங்கை அகலத்துக்குப் பூ என்று அவளுடையதெல்லாம் ஒரே திருவிழா. "இது எதோட சேரும், நீயே சொல்லு?" என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தேன். அவள் ஒன்றை மட்டும் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். "அதையும் போடுடி, கஞ்சத்தனம் பண்ணாத" என்றேன். போட்டுவிட்டாள். புதிதாக வாங்கியதெல்லாம் எனக்குப் பிடித்த நிறம் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் அலமாரி முன்னால் நாங்கள் இருவரும் நிற்போம். நாளைக்கு யாருக்கு என்ன வேலை என்று சொல்ல வேண்டும். யாருக்குப் பெரிய வேலையோ அவளுக்குக் கோட்டு. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக், அலுத்துப்போய் வந்து உட்கார்ந்தபடியே, "பஞ்சாயத்து கூடியாச்சா? தலைவரம்மா என்ன சொல்றாங்க?" என்று கிண்டலடிப்பார். தலைவரம்மா நான்தான். எது பெரிய வேலை என்று தீர்ப்புச் சொல்வதும் நான்தான். யோசித்துப் பார்த்தால் என் வேலை எப்போதும் பெரிதாகவே இருந்தது.

நான் இருப்பது ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் புகார்ப் பிரிவில். நாள் முழுக்க யாராவது வந்து கத்துவார்கள். நானும் சளைத்தவள் இல்லை. கொஞ்ச நாளில் என் உடை அங்கே பேச்சாகிவிட்டது. "எப்படிங்க தினமும் புதுசா இருக்கீங்க?" என்று கேட்டார்கள். புதிதே இல்லை, அதே துணிதான் என்று விளக்கினால் வாயைப் பிளந்தார்கள். கடைசியில் மேலாளரே கூப்பிட்டுவிட்டார். வியாழக்கிழமை மாதக் கூட்டத்துக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநரம்மா வருகிறார்களாம். குறைந்த துணியில் நிறைவாக உடுத்துவது எப்படி என்று நான் பேச வேண்டுமாம், துணிகளை நேரிலேயே காட்ட வேண்டுமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு நடந்தேனா பறந்தேனா என்றே தெரியாது.

அன்றைக்கு இரவுப் பஞ்சாயத்தில் பொடிசுதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அண்ணி, வியாழக்கிழமை எனக்குக் கோட்டு வேணும். பெரிய ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டிருக்காங்க. இன்டர்வியூ."

எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். வருஷக்கணக்காக அதே நாற்காலியில் உட்கார்ந்து "வாயைக் கொப்பளிச்சிட்டு உள்ள போங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. அங்கே மேலே போக வழியும் கிடையாது. எங்கெங்கோ எழுதிப் போட்டு ஒருவரும் பதில் போடவில்லை. இப்போது கூப்பிட்டிருப்பது நோயாளிகளுக்கு உதவுகிற பிரிவில் அதிகாரி வேலைக்கு. இது கிடைத்தால் அவளுக்கு விடிவு. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கு நன்றாகவே தெரியும்.

"எத்தனை மணிக்கு?" என்றேன்.

"மூணு மணிக்கு அண்ணி."

"என் பேச்சு பதினொண்ணுக்கு. பன்னெண்டுக்கெல்லாம் முடிஞ்சிடும். நீ அரைநாள் லீவு போட்டுட்டு நேரா என் ஆபீஸுக்கு வா. அங்கேயே மாத்திக்க. நானே உனக்குத் தலை சீவி அனுப்பறேன், போதுமா?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "கோட்டு வேணா நீங்க கொண்டுபோங்க அண்ணி. கறுப்புப் பேன்ட்டும் ஒரு வெள்ளைச் சட்டையும் மட்டும் விட்டுட்டுப் போனா போதும்."

"அது இல்லாம நான் என்னத்தைக் காட்டுறது? அஸ்திவாரமே அதுதானே?" என்றேன். "ஒரு மணிநேர வேலை. ரொம்பத்தான் பயப்படறியே."

"சரி அண்ணி" என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான் சொல்வாள்.

வியாழக்கிழமை காலையில் நான் அலமாரியையே காலி செய்து பெட்டியில் அடுக்கிக்கொண்டு கிளம்பினேன். ஒரு கைக்குட்டைகூட மிச்சம் வைக்கவில்லை.

இயக்குநரம்மா வருவதற்கு மதியம் ஆகிவிட்டது. சாப்பிட்டுவிட்டு ஆரம்பிக்கலாம் என்றார்கள். எனக்குத் திக்கென்றுதான் இருந்தது. ஒரு பேன்ட்டையும் சட்டையையும் ஆபீஸ் பையன் கையில் கொடுத்து வாசலில் வைக்கச் சொல்லியிருக்கலாம். செய்தேனா? கம்பியில் எல்லாம் வரிசையாக மாட்டிவைத்தது அத்தனை அழகாக இருந்தது. அதைக் கலைக்க மனசு வரவில்லை.

மேடை ஏறியதும் எனக்கு வேறு எதுவும் ஞாபகமில்லை. சாம்பல் பேன்ட்டைத் தூக்கிக் காட்டினேன். வெள்ளைச் சட்டையோடு சேர்த்தால் அலுவலகம், ஸ்வெட்டரோடு சேர்த்தால் பயணம், வெளிர்நீலத்தோடு சேர்த்தால் விருந்து. கைதட்டினார்கள். தையலைத் திருப்பிக் காட்டி, இழுத்துப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்க வேண்டும் என்றேன். எழுதிக்கொண்டார்கள். என் பேச்சை ஒருவர் எழுதிக்கொள்வதை நான் அதுவரை பார்த்ததில்லை; புகார்ப் பிரிவில் நான்தான் எழுதுவேன்.

பின்கதவைத் திறந்துகொண்டு பொடிசு வந்தாள். அதே ரோஸ் மேலங்கி. கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தாள். ஓரமாக நின்று என்னைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு நகைச்சுவை தோன்றித் தொலைத்தது. "இந்தத் திட்டத்துக்கு முன்னாடி என் நாத்தனார் எப்படி உடுத்துவா தெரியுமா? தூரத்துல பார்த்தா யாரோ கலர் குடை பிடிச்சிட்டு வர்ற மாதிரி இருக்கும். கிட்ட வந்தா இவ!" கூடம் குலுங்கிச் சிரித்தது. அதோடு விட்டேனா? "அதோ, பின்னாடி நிக்கிறா பாருங்க" என்று கையை வேறு நீட்டினேன். எல்லாத் தலையும் திரும்பியது. ரோஸ் மேலங்கியையும் அந்தக் கண்ணடிக்கிற பல்லையும் பார்த்து இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு, மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள்.

எனக்குப் புரிந்தது. புரியாமல் என்ன? ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில். அப்போதே கிளம்பினால்தான் உண்டு. ஒரு விரலைத் தூக்கி, ஒரு நிமிஷம் என்று சைகை காட்டினேன். பிறகு அந்தப் பக்கம் பார்க்காமலேயே பேசினேன். பார்த்தால் நிறுத்த வேண்டியிருக்குமே! கடைசியில் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். இயக்குநரம்மா எழுந்து வந்து துணியைத் தொட்டுப் பார்த்தார். என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். மேலாளரும் வந்து நின்றார். போட்டோக்காரர் இன்னொன்று என்றார். நானும் இன்னொரு தடவை சிரித்தேன்.

திரும்பிப் பார்த்தபோது பின்கதவுப் பக்கம் யாரும் இல்லை.

 துணிகளை வாரிப் பெட்டியில் திணித்தேன். அத்தனை நேரம் அருமை பெருமையாகப் பேசிய துணி, அள்ளின அள்ளலில் குப்பையாகச் சுருண்டது. போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தாள். டாக்ஸி பிடித்து, ஓட்டுநரைப் போ போ என்று விரட்டி, ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினேன். பெட்டியோடு மூச்சிரைக்க நின்ற என்னைப் பார்த்துக் காவலாளி, "அட்மிஷனாம்மா? கூட யாரும் வரலையா?" என்று சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். "எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிச் சமாளிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மாடியில் நீளமான தாழ்வாரம். நாற்காலிகளில் வரிசையாகப் பெண்கள், எல்லோரும் விறைப்பாக இஸ்திரி போட்ட உடையில். பொடிசு அங்கே இல்லை. உள்ளே போய்விட்டாள் என்றார்கள். "ரோஸ் அங்கியில பல்லு படத்தோட வந்தாங்களே, அவங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது. இதே பகடியை மேடையில் நின்று செய்தவளுக்குக் கோபம் ஒரு கேடு.

கதவு திறந்து பொடிசு வெளியே வந்தாள். என்னையும் பெட்டியையும் பார்த்தாள். "எதுக்கு அண்ணி இவ்வளவு தூரம் அலைஞ்சீங்க?" என்றாள்.

"எப்படிடி போச்சு?"

"பரவாயில்ல அண்ணி. ஏன் யூனிஃபார்ம்ல வந்திருக்கீங்கன்னு கேட்டாங்க. வேலையில இருந்து நேரா வர்றேன்னு சொன்னேன்."

"அந்த மேலங்கியையாவது கழட்டி வச்சிட்டுப் போயிருக்கலாமே?"

அவள் கழுத்துப் பொத்தான் ஒன்றை மட்டும் கழற்றினாள். உள்ளே இருந்தது வீட்டில் துடைத்துப் பெருக்கும்போது போடுகிற, கழுத்து தொங்கிப்போன பழைய பனியன். வீட்டில் அவளுக்கு வேறு என்ன இருந்தது? எல்லாம் என் பெட்டியில் இருந்தது. தாழ்வாரத்தில் புழுங்கித் தள்ளியது, அவள் முகமெல்லாம் வேர்த்திருந்தது, அந்தப் பொத்தானை அவள் மறுபடி போட்டுக்கொண்டாள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

பஸ்ஸில் வரும்போது மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "இயக்குநரம்மா லேட்டா வந்துட்டாங்கடி" என்றுதான் வந்தது. "தெரியும் அண்ணி" என்றாள். பெட்டியை அவள்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் என் கணவர் கதவைத் திறந்ததுமே, "என்ன பொடிசு, கோட்டு ராசியா இருந்துச்சா?" என்று கேட்டார். நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். இப்போது சொல்லிவிடுவாள், நல்லது, சொல்லட்டும், நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்கிறேன் என்று காத்திருந்தேன்.

"ஆமாண்ணா, நல்லா இருந்துச்சு" என்றாள் அவள்.

அந்த ஒரு பொய் என்னைத் தூங்கவிடவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அது எனக்குக் கைவந்த கலை. இவள் என்னைக் காப்பாற்றிவிட்டாளே, இதற்கு நான் என்ன செய்வது? அவரிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை. அவர் தங்கையை யாராவது ஒரு சொல் சொன்னால் தாங்க மாட்டார். அந்தப் போட்டோ அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டது. நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன்.

அதற்குப் பிறகு இரவில் பஞ்சாயத்து கூடியபோதெல்லாம் நான் தாராளமாகிவிட்டேன். "நாளைக்குக் கோட்டு நீ போட்டுக்க." "வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு வச்சிருக்கேன், எடுத்துக்க." "ஸ்வெட்டர் உனக்குத்தான்டி எடுப்பா இருக்கும்." எல்லாவற்றுக்கும் அவள், "வேணாம் அண்ணி, எது மிச்சம் இருக்கோ அதையே போட்டுக்கறேன்" என்றாள். குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே அவள் இத்தனை நாளும் மிச்சத்தைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லிக்காட்டுவதாக அவளுக்கே தோன்றவில்லை.

வேலை கிடைக்காது என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.  அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த இஸ்திரி போட்ட பெண்களில் யாராவது ஒருத்தி போய் அந்த நாற்காலியில் உட்காருவாள், பொடிசு கிழவியாகும் வரை வாயைக் கொப்பளிக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள், நான் கோட்டுப் போட்டுக்கொண்டு போவேன். இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன்.

கிடைத்துவிட்டது. ஒரு சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்று, "அண்ணி, எடுத்துக்கிட்டாங்க" என்றாள். நான் கரண்டியைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவர் அடுத்த அறையிலிருந்து பதறி ஓடி வந்து, விஷயம் தெரிந்ததும், "இதுக்கு ஏன்டி சாவு வீடு மாதிரி அழற?" என்று சிரித்தார். எனக்கல்லவா தெரியும், எந்தப் பாரம் இறங்கியது என்று.

பாரம் இறங்கியதும் வாய் பழையபடி நீண்டுவிட்டது. அவர் நகர்ந்ததும், "பாத்தியா, யூனிஃபார்ம்ல போனதுதான் உனக்கு ராசி. வேலையில அக்கறை உள்ள பொண்ணுன்னு நினைச்சிருப்பாங்க" என்றேன்.

"இல்ல அண்ணி" என்றாள் பொடிசு. "கேள்வி கேட்டாங்க. நான் பதில் சொன்னேன்."

எனக்குச் சுருக்கென்றது. நியாயம்தானே, அதிலும் நான் பங்கு கேட்கலாமா? பேச்சை மாற்றினேன். "சரி, அங்க யூனிஃபார்ம் கிடையாதாமே. சனிக்கிழமை ரெண்டு பேரும் கடைக்குப் போவோம். உனக்குன்னு நல்லதா ஒரு கோட்டு. என் செலவு. தையல் எப்படி இருக்குன்னு பார்த்து வாங்கறதுக்கு ஆள் வேணாமா?"

"நான் தனியா போய் வாங்கிக்கறேன் அண்ணி."

"தனியாவா? உனக்கு என்னடி தெரியும்?"

அவள் அடுப்பைக் குறைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலையில் போனவள் மாலையில் கைநிறையப் பைகளோடு வந்தாள். நான் கூடத்தில் மின்விசிறியைப் போட்டுவிட்டு, பிரித்துக் காட்டுவாள் என்று உட்கார்ந்திருந்தேன். அலமாரியில் பாதித் தட்டை ஒழித்தும் வைத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு நேராகத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காகிதம் சரசரக்கிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. என்ன நிறம் வாங்கினாள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெருக்கும்போது அவள் கட்டிலுக்கு அடியில் துடைப்பம் எதிலோ இடித்தது. குனிந்து பார்த்தேன். புதிதாக ஒரு தகரப் பெட்டி. அதில் சின்னதாக ஒரு பூட்டு.

இந்த வீட்டில் வாசல் கதவைத் தவிர எதற்கும் பூட்டுக் கிடையாது. அவர் பர்ஸ் மேசைமேல்தான் கிடக்கும். என் நகை அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேறு யாரும் பார்க்காமல் ஒரு பாட்டம் அழுது முடித்துவிட்டுத்தான் மிச்ச வீட்டைப் பெருக்கினேன்.

அன்று மதியம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். நான் பார்த்ததை அவரும் பார்த்திருக்கிறார். "ஏ பொடிசு, கட்டிலுக்கு அடியில என்ன பெட்டி? பூட்டு வேற தொங்குது! நம்ம வீட்ல எவன் வந்து எடுக்கப் போறான்?" என்று சிரித்தார்.

பொடிசு தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சும்மாதாண்ணா. பெட்டிகூடவே கொடுத்தாங்க" என்றாள். மறுபடியும் எனக்காக ஒரு பொய்.

"நான்தாங்க" என்றேன்.

"நீ என்ன?"

"எடுக்கறவ நான்தாங்க. என்கிட்ட இருந்து காப்பாத்தத்தான் பூட்டு."

அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். நான் கிண்டலடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார். பொடிசு மட்டும் நிமிர்ந்து, "விடுங்க அண்ணி" என்றாள் மெதுவாக. நான் விடவில்லை. தட்டை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, அவள் கறுப்புப் பேன்ட்டும் ஒரு வெள்ளைச் சட்டையும் மட்டும் கேட்ட அந்த இரவிலிருந்து அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.